ரோடு போடும்போதே யோசிக்கணுமா, போட்ட பெறகு வேகத்தடை வச்சாப் போதுமா?

ரசமட்டம்
போன வாரம் வேற ஒரு திரியில மேலூர் மைனர் எழுதியிருந்தாப்ல: “சாலைப் பாதுகாப்பைத் திட்டம் போடும்போதே சேக்கணும்கிறதெல்லாம் ஏசி ரூம் பேச்சு. ஊருக்கு ரெண்டு வேகத்தடை போட்டா சோலி முடிஞ்சது. எங்க ஊரு முக்குல போட்டிருக்கு, கணக்கா பத்து சென்டிமீட்டர், போய்ப் பாருங்க.”

போய்ப் பாத்தேன். ரோட்டு வேலையில முப்பது வருசம் சூப்பர்வைசரா வெயில்ல நின்ன ஆளு நான். ரசமட்டம், மட்டப்பலகை, டேப்பு எல்லாம் எடுத்துட்டே போனேன். பத்து இல்ல தம்பி, பதினாறு.

ரோட்டுக்கு அளவு வகுக்குற அமைப்பு இந்தியன் ரோடு காங்கிரஸ். அது சொல்ற அளவு: உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், 17 மீட்டர் ஆரத்துல வளைவு. 25 கி.மீ. வேகத்துல வர்ற வண்டி அலுங்காம ஏறி எறங்கணும். உங்க ஊர்ல கெடக்கறது வயக்காட்டு வரப்பு. அகலம் ஒண்ணரை மீட்டர்கூட தேறாது. உச்சியில காரோட அடிவயிறு உரசுன கோடு வரிசையா வெள்ளை வெள்ளையா இருக்கு. பெயின்ட்டுன்னு நெனச்சு குனிஞ்சு தடவிப் பாத்தேன்.

சரி, அது அங்க ஏன் வந்துச்சு? ஒரு பக்கம் பஸ் ஸ்டாப், எதுத்தாப்ல பள்ளிக்கூடம். ரோட்டை அகலப்படுத்தயில பிள்ளைக எந்த எடத்துல கடக்கும்னு ஒருத்தனும் வரைபடத்துல ஒரு கோடு போடல. வண்டி அடிச்ச பெறகு தாரைக் கொண்டாந்து கொட்டிட்டாங்க.

மேலூர் மைனர்
வாங்கண்ணே. கூப்பிட்டா வீட்ல காப்பித்தண்ணி குடிச்சிருக்கலாம்ல, திருட்டுத்தனமா வந்து அளந்திருக்கீங்க.

ஓரத்துல வச்சுதான அளந்தீங்க? ரோடு நடுவுல மேடு, ஓரத்துல சரிவு. ஓரத்துல அளந்தா சரிவும் சேந்துதான் வரும். முப்பது வருச சூப்பர்வைசருக்கு இதை நான் சொல்லணுமா? நடுவுல அளந்தா பத்துதான்.

ரசமட்டம்
நடுவுலயும் அளந்தேன். பதினாறு.

தெப்பக்குளத்தான்
ரெண்டு பேரும் பத்து பதினாறுன்னு நில்லுங்க. விசயம் அது இல்ல. நம்ம மதுரை ரிங் ரோட்டைப் பாருங்க, உத்தங்குடியில இருந்து கப்பலூர் வரைக்கும் 27 கி.மீ. மொதல்ல ரெண்டு வழி, பெறகு நாலு வழி. லாரிக்குன்னு போட்ட ரோடு, ஆனா ரெண்டு பக்கமும் ஊரு வளந்துருச்சு. சிந்தாமணிப் பக்கம், மண்டேலா நகர் பக்கம் சாயந்தரம் நின்னு பாருங்க, சனம் எப்புடி ஓடிக் கடக்குதுன்னு. ரோடு வந்தா ஊரு வரும்னு கணக்குப் போடாதது யாரு தப்பு?

மல்லிகை
ஒரு நிமிசம். அடிக்கடி விபத்து நடக்குற எடத்தைக் கரும்புள்ளின்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன கணக்குன்னு யாராச்சும் படிச்சிருக்கீங்களா? தேசிய நெடுஞ்சாலையில 500 மீட்டர் நீளத்துக்குள்ள, மூணு வருசத்துல உயிர்ச்சேதமோ பலத்த காயமோ ஆன விபத்து அஞ்சு, இல்லாட்டி சாவு மட்டும் பத்து. அதாவது ஆளு செத்த பெறகுதான் அந்த எடத்துக்குப் பேரே கெடைக்கும். அதனாலதான் பாதுகாப்புத் தணிக்கையைச் சாத்தியக்கூறு பாக்குறப்பவும், வரைபடத்துலயும், வேலை நடக்கயிலயும், தெறக்குறதுக்கு முன்னாடியும் பண்ணணும்னு ரோடு காங்கிரஸே தனிக் கையேடு போட்டு வச்சிருக்கு. அதைப் பத்திப் பேசலாமா?

மேலூர் மைனர்
பேசலாம்க்கா. ஆனா பதினாறு இல்ல.

ரசமட்டம்
பதினாறுதான்.

நத்தம் ரோட்டு நாயகன்
வேகத்தடை இல்லாத எடத்துக்கு வாங்க. எங்க நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம் 7.3 கி.மீ., 2023 ஏப்ரல்ல தெறந்தாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல அது ரோடு இல்ல, பைக் ரேஸ் மைதானம். பாலத்து மேல பயலுக பறக்குறாய்ங்க, கீழ நடந்து கடக்குற ஆளை தூணு மறைக்குது. இதுக்கு எந்த வரைபடம் பதில் சொல்லும்? ஓட்டுறவன் சரியில்லன்னா எல்லாம் வீண்.

ரசமட்டம்
வரைபடந்தான் பதில் சொல்லணும். 7 கி.மீ.க்கு நேரா, அகலமா, குறுக்க ஒரு ஆளு வராத ரோட்டைக் கொடுத்துட்டு ‘பையப் போ’ன்னு பலகை வச்சா எவன் பையப் போவான்? ரோட்டோட அகலமே வேகத்தைச் சொல்லிக் கொடுக்கும். வேகம் ரெண்டு மடங்கு ஆனா பிரேக்கு அடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு. இது பயலுக மேல மட்டும் போடுற பழி இல்ல.

2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்துனப்ப 198ஏ-ன்னு ஒரு பிரிவு வந்துச்சு. ரோட்டை வடிவமைச்சவன், போட்டவன் கோளாறால ஆளு செத்தா, கைகால் போனா, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். ஹெல்மெட்டுக்கு ஆயிரம் ரூவா அபராதம்னா ஊருக்கே தெரியும். இது யாருக்குத் தெரியும்?

மேலூர் மைனர்
ரோட்டைப் போட்டவன்ல நீங்களும் உண்டுல்லண்ணே? முப்பது வருசம்னு நீங்கதான சொன்னீக. ஒரு லட்சத்தை எங்க கட்டுனீங்க?

ரசமட்டம்
வாயை அளந்து பேசு தம்பி. நான் போட்ட ரோட்டுல ஒரு மேடு பதினாறு இருந்தா காட்டு.

மேலூர் மைனர்
நான் வாயை அளக்குறேன், நீங்க ரோட்டை ஒழுங்கா அளங்க.

கப்பலூர் கடைசி லேன்
இதெல்லாம் விடுங்க. கப்பலூர் டோல்கேட்ல காசை வாங்குறவன்ட்ட போய்க் கேளுங்கப்பா பாதுகாப்பை. திருமங்கலத்துக்காரன் சொந்த ஊருக்குள்ள போக எத்தனை வாட்டி மறியல் பண்றது?

தெப்பக்குளத்தான்
வந்துட்டாரு. எந்தத் திரியா இருந்தாலும் கடைசியில டோல்கேட்டுதான். போன மாசம் ஜிகர்தண்டா திரியிலயும் இதைத்தான் பேசுனாரு.

கப்பலூர் கடைசி லேன்
அந்தத் திரியில நீங்க என்னை ‘வெளியூர்க்காரன்’னு சொன்னதை இன்னும் மறக்கல.

நத்தம் ரோட்டு நாயகன்
குடிச்சிட்டு ஓட்டுறதைப் பத்தி ஒருத்தரும் பேசலயே? நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு 2016 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொன்னதே தமிழ்நாட்டு வழக்குலதான்.

தெப்பக்குளத்தான்
அப்புறம் சின்ன ஊருக்கு 220 மீட்டர்னு குறைச்சாங்க. குடிகாரனுக்கு 280 மீட்டர் நடை மிச்சம்.

ரசமட்டம்
பேச்சைத் திருப்பாதீங்க. எங்க மதினி போன தை மாசம் அந்த மேட்டுலதான் விழுந்துச்சு. அண்ணன் வண்டி ஓட்டிட்டு வர, பின்னாடி ஒரு பக்கமா உக்காந்து மடியில எலைக்கட்டை வச்சிருந்துச்சு. இருட்டு. மேட்டுல வெள்ளைக்கோடும் இல்ல, முன்னாடி பலகையும் இல்ல. தூக்கிப் போட்டதுல இடுப்பெலும்பு போச்சு. இன்னும் கம்பு ஊனித்தான் நடக்குது. விபத்தைத் தடுக்கப் போட்ட மேடு அது. அதான் டேப்பை எடுத்துட்டுப் போனேன், வேலையத்துப் போயி இல்ல.

மேலூர் மைனர்
மதினிக்கு ஆனது கஷ்டந்தாண்ணே. அதை மொதல்லயே சொல்லியிருக்கலாம். ஆனா அந்த மேடு வர்றதுக்கு முன்னாடி அதே எடத்துல எங்க தெருப் பய ஒருத்தன், ஒம்பதாவது படிச்சவன், லாரியில அடிபட்டுச் செத்தான். நாலு நாள் மறியல் பண்ணி வாங்குன மேடு அது. உங்க வரைபடம் வர்ற வரைக்கும் பிள்ளைய வீட்டுக்குள்ள பூட்டி வைக்கவா? மேடு வந்த பெறகு ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல.

மல்லிகை
ரெண்டு பேரும் ஒரே விசயத்தைத்தான் சொல்றீங்க. கடக்குற எடத்தை முன்கூட்டியே வரைஞ்சிருந்தா மறியலும் வேணாம், வரப்பும் வேணாம்.

ரசமட்டம்
ஒரே விசயம் இல்லம்மா. அவர் பத்துங்குறார்.

மேலூர் மைனர்
பத்துதான். தாரை மறுபடி போட்டப்ப மேட்டு மேலயும் ஒரு கோட்டு போட்டாய்ங்க. அதைக் கழிச்சிட்டுப் பாருங்க.

ரசமட்டம்
அப்ப பத்துக்கு மேல இருக்குன்னு ஒத்துக்கிட்டாச்சு!

மேலூர் மைனர்
எங்க ஒத்துக்கிட்டேன்? கழிச்சிட்டுப் பாருங்கன்னேன்.

ரசமட்டம்
வண்டி கழிச்சிட்டா ஏறுது? ஞாயித்துக்கெழமை காலைல ஆறரைக்கு பஸ் ஸ்டாப்புக்கு வாங்க. மட்டப்பலகையோட வர்றேன். எல்லார் முன்னாடியும் அளப்போம்.

மேலூர் மைனர்
வர்றேன். ஆனா உங்க டேப்பு ஆகாது. முனையில தகடு வளைஞ்ச டேப்பா இருக்கும். டேப்பை நான் கொண்டாரேன்.

ரசமட்டம்
உங்க டேப்பு எதுக்கு? தையக்கடை டேப்பா?