கறி என்றால் மிளகா?

வடமராட்சியான்:
விடியக்காலையே எரிச்சல். ஆங்கிலத்தில் 'கறி' என்கிற சொல் தமிழில் இருந்து போகவில்லையாம், 1390 வாக்கிலேயே இங்கிலாந்து அரசனின் சமையல்காரர்கள் ஏட்டில் 'கியூரி' என்று எழுதிவிட்டார்களாம். நேற்று இங்கே ஒருவர் எழுதியது. அந்தக் கியூரி, சமையல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். சோற்றுக்கு விடுகிற கறிக்கும் அதற்கும் ஒரு தொடுப்பும் இல்லை. போர்த்துக்கேயர் எங்கள் கறியைக் 'கரில்' என்றார்கள், ஆங்கிலேயர் அதற்குப் பிறகுதான் வந்தார்கள்.

மிளகுக்கொடி:
எழுதியது நான்தான். கியூரியை விடுங்கள். சங்கத் தமிழில் கறி என்றால் மிளகு. அகநானூறு 149, முசிறிக்கு வந்த யவனர் கப்பல் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்'. பொன்னைக் கொடுத்துக் கத்தரிக்காய்க் குழம்பா ஏற்றிக்கொண்டு போனார்கள்?

வடமராட்சியான்:
அது அந்தக் காலம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். என் அம்மா முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, பூசணிக் கீற்றைத் தட்டிப் பார்த்து, பை நிறைய வாங்கி வருவதற்குப் பெயர் மரக்கறி. மரத்து மிளகு என்றா அதற்குப் பொருள்? 'இன்றைக்கு என்ன கறி' என்று கேட்டால் எந்த வீட்டில் மிளகு என்று பதில் வரும்?

நல்லூர் மருமகன்:
நான் இப்போது சென்னையில். இங்கே கறி என்றால் ஆட்டிறைச்சி, அண்ணை. கறிக்கடையில் முருங்கைக்காய் கேட்டால் சிரிப்பார்கள்.

வடமராட்சியான்:
தம்பி, சென்னைக் கதை யார் கேட்டது? மரக்கறி என்று நாங்கள் சொல்வதைச் சென்னையா தீர்மானிக்கிறது?

மிளகுக்கொடி:
1747இல் ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலேயப் பெண் லண்டனில் அச்சிட்ட சமையல் நூலில் கறிக்குப் போட்ட சரக்கு மிளகும் கொத்தமல்லியும். மஞ்சள்கூடப் பிறகுதான் சேர்ந்தது. மிளகு, பார்த்தீர்களா?

வடமராட்சியான்:
அதே குறிப்பில் கோழி அல்லது முயல் என்றும் இருக்கிறது. அப்படியென்றால் கறி என்றால் முயலா? போன மாதம் சுருட்டு ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனதைச் சொன்னபோதும் நீங்கள் இப்படித்தான் இழுத்தடித்தீர்கள், நான் மறக்கவில்லை. மரக்கறிக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

மிளகுக்கொடி:
சுருட்டை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அகநானூறு 149. நீங்கள்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.