மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடம்: ஏற்காட்டு மலைப்பாதை அனுபவம்

பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள், இழுவை குறைந்துவிட்டது என்றவுடன் கார்புரேட்டரை மாற்றலாமா, சிலிண்டரைக் குடைந்து சற்றுப் பெரிதாக்கும் 'போர்' வேலை செய்யலாமா என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். கார்புரேட்டரிலிருந்து காற்றையும் பெட்ரோலையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் துளைகளும், சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருந்து வால்வுகளைத் தாங்கும் சிலிண்டர் ஹெட்டின் துளைகளும் (போர்ட்டுகள்) ஒட்டும் முகத்தில் நேருக்கு நேர் சேர்கின்றனவா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிக்கடி ஏறி இறங்கும் என் மாருதி ஜிப்சியில் அந்த ஒரு வேலையை மட்டும் செய்து பார்த்த அனுபவத்தையும், எனக்குத் தெரிந்த வேறு இருவரின் அனுபவத்தையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

என்னுடையது 970 சி.சி., நான்கு சிலிண்டர், ஒற்றைக் கார்புரேட்டர் எஞ்சின். சமவெளியில் குறை தெரியாது. அடிவாரத்தைத் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும், ஒவ்வொரு வளைவிலும் வேகம் இறங்கி இரண்டாவது கியரில் மறுபடி எடுக்கும்போது வண்டி ஒரு நொடி திணறிவிட்டுத்தான் இழுக்கும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) நான்கிலும் ஒரே அளவில் இருந்தது. வால்வு இடைவெளியும் சரியாகவே இருந்தது. ஆனால் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தபோது, மூன்று காப்பிக்கொட்டை நிறத்திலும், மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் கரி படிந்தும் இருந்தன. நான்குக்கும் ஒரே கார்புரேட்டர்தான் எரிபொருள் தருகிறது என்பதால், கோளாறு அதற்கு அப்பால்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

கொண்டலாம்பட்டிப் பக்கம் இருக்கும் ஒரு பட்டறையில் கூலன்டை வடித்துவிட்டு, ஹெட்டையும் மேனிஃபோல்டையும் இறக்கினோம். முகங்களைச் சுத்தம் செய்து படும் இடத்தைக் காட்டும் நீலச் சாயமான மார்க்கிங் ப்ளூ தடவி, மேனிஃபோல்டை ஹெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பிகளான ஸ்டட்டுகளில் மாட்டி, வால்வு கழற்றிய ஹெட்டின் உள்பக்கமாகச் சுட்டு விரலை விட்டு இணைப்பைத் தடவிப் பார்த்தேன். மூன்றாவது போர்ட்டின் கீழ் விளிம்பில் நகம் தட்டி நின்றது. அங்கே ஹெட்டின் துளை மேனிஃபோல்டின் துளையைவிட ஏறக்குறைய 2 மி.மீ. உயர்ந்து, வரும் காற்றுக்கு எதிரே ஒரு படிபோல நின்றது. வார்ப்பின்போது உள்ளே வைக்கும் மணல் அச்சு சற்று நகர்ந்துவிட்டால் இப்படி அமைவது உண்டு. காற்றோடு வரும் பெட்ரோல் துளிகள் அந்தப் படியில் மோதி, சுவரில் வழிந்து, தேங்கி, பிறகு மொத்தமாக உள்ளே போகின்றன. எனவே அந்த ஒரு சிலிண்டர் மட்டும் சில நேரம் அளவுக்கு அதிகமான எரிபொருளைக் குடிக்கிறது. திணறலும் கரியும் வருவது இதனால்தான்.

இதே படி எதிர்த்திசையில் இருந்திருந்தால், அதாவது மேனிஃபோல்டின் துளை சற்றுச் சிறியதாகவும் ஹெட்டின் துளை சற்றுப் பெரியதாகவும் இருந்திருந்தால், இத்தனை தொல்லை இல்லை. அந்த அமைப்பு, வால்வுப் பக்கமிருந்து திரும்பி வரும் அழுத்த அலையை ஓரளவு தடுக்கவும் செய்யும். பார்வைக்கு இரண்டுமே பொருத்தமின்மைதான். காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதே வித்தியாசம்.

நான் போர்ட்டுகளைச் சற்றுப் பெரிதாக்கிவிடலாமா என்று கேட்டேன். பட்டறை அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "தம்பி, பெரிசு பண்றதெல்லாம் பந்தயத்துல ஓட்டறவங்களுக்குங்க. உங்களுக்கு ரெண்டாவது கியர்ல மலை ஏறணும். விளிம்பை மட்டும் எடுத்துட்டு நிறுத்திக்கலாம்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. துளை பெரிதானால் குறைந்த சுற்றுகளில் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோல் காற்றோடு கலந்து நிற்காது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. ஏற்கெனவே மெலிந்திருக்கும் காற்றை இன்னும் மந்தமாக்குவதில் பொருளில்லை.

கிரைண்டரைத் தொடுவதற்கு முன் அவர் செய்த ஒரு வேலையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேனிஃபோல்டின் போல்ட் துளைகள் ஸ்டட்டைவிடச் சற்று அகலமாக இருப்பதால், ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அது கொஞ்சம் இடம் மாறி உட்காரும். இதைக் கவனிக்காமல் எவ்வளவு நுணுக்கமாகத் தேய்த்தாலும் மறுமுறை மாட்டும்போது படி திரும்பி வந்துவிடும். ஆகவே முதலில் தண்ணீர்ப் பாதை இல்லாத இரண்டு கோடிகளில் டவல் பின் (dowel pin, இடம் மாறாமல் நிறுத்தும் சிறு முளை) வைத்து இடத்தை உறுதி செய்தார். அதன் பிறகுதான், இரண்டு முகங்களுக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டை வைத்துக் கோடு கீறினார். கடையில் வாங்கிய அந்தக் கேஸ்கெட்டின் ஓட்டையே ஒரு பக்கம் போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்ததால், அதை முதலில் வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு கிரைண்டரில் மாட்டும் பல் வைத்த முனையான கார்பைட் பர்ரால் அலுமினியத்தை எடுத்தார். இல்லாவிட்டால் பர்ரின் பற்களில் அலுமினியம் அப்பிக்கொள்ளும். விளிம்போடு நிறுத்தாமல் உள்ளே ஓர் அங்குலம் வரை சரிவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்; தண்ணீர்ப் பாதையின் சுவர் எவ்வளவு தடிமன் என்று அடிக்கடி பார்த்துக்கொண்டார். கடைசியில் 80 நம்பர் எமரியோடு நிறுத்திவிட்டார். இன்டேக் பக்கம் கண்ணாடிபோலப் பளபளக்கத் தேவையில்லை. கார்புரேட்டர் எஞ்சினில் சற்றுச் சொரசொரப்பான சுவர்தான் படியும் பெட்ரோலை மறுபடி காற்றோடு சேர்க்க உதவும்.

பூட்டிய பிறகு உச்ச வேகம் கூடியதாகச் சொல்ல மாட்டேன். வளைவிலிருந்து எடுக்கும்போது இருந்த திணறல் போய்விட்டது. நான்கு பிளக்கும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. எனக்கு வேண்டியது அதுதான்.

அஸ்தம்பட்டியில் இருக்கும் நண்பர் ஒருவர் தம் 350 சி.சி. புல்லட்டில், 24 மி.மீ. கார்புரேட்டரை எடுத்துவிட்டு 500 சி.சி. வண்டியின் 28 மி.மீ. கார்புரேட்டரைப் பொருத்தினார். ஹெட்டின் துளையும் இடையிலுள்ள பேக்கிங்கும் பழைய அளவிலேயே இருந்ததால் சுற்றிலும் ஒரு விளிம்பு காற்றை மறித்தது. பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட்டை எத்தனை முறை மாற்றியும் கீழ்ச் சுற்றில் இழுவை வரவில்லை. பழைய கார்புரேட்டரையே திரும்பப் போட்டு, பேக்கிங்கின் ஓட்டையை மட்டும் துளைக்கு ஒத்தபடி சரிசெய்ததில் வண்டி நன்றாக ஓடுகிறது.

நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவரின் வண்டியில் நடந்தது வேறு. ஒரு பட்டறையில் கேஸ்கெட்டுக்குப் பதிலாக சிலிக்கோன் பசையை வைத்து மேனிஃபோல்டைப் பூட்டியிருந்தார்கள். சாதாரண சிலிக்கோன் பெட்ரோலில் ஊறி இளகிவிடும். உள்ளே பிதுங்கிய பசை போர்ட்டில் தொங்க, வெளியே இணைப்பு வழியாகக் காற்று கசிய, ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் சுற்று) ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. எஞ்சின் ஓடும்போது இணைப்பின் ஓரமாகக் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது தெளித்ததும் சுற்று மாறியதால் கசியும் இடம் பிடிபட்டது. எக்ஸாஸ்ட் ஆறியிருக்கும்போது, தீப்பொறிக்கு வாய்ப்பில்லாதபடி மட்டுமே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். முகத்தைச் சமன் செய்து, சரியான கேஸ்கெட் போட்டு, நடு நட்டிலிருந்து தொடங்கி ஓரங்களை நோக்கி முறுக்கி, எஞ்சின் ஒருமுறை சூடேறி ஆறியபின் மறுபடி முறுக்கினார்கள். அதன் பிறகு ஐடிலிங் நிலையாக நிற்கிறது.