ஒரே ஆளுக்கு மூன்று போர்வை: நாங்கள் எங்கே தப்பு செய்கிறோம்?

இரவுநடை:
வாரத்தில் ஒரு இரவு, தெருவில் படுத்திருப்பவர்களைப் போய்ப் பார்க்கும் சிறு குழுவில் நான்கு வருடமாக இருக்கிறேன். மொத்தம் பதினொரு பேர். சாப்பாடு, போர்வை, காயத்துக்கு மருந்து, இவ்வளவுதான் எங்களால் முடிவது. போன மாதம் ஒரு பெரியவரிடம் போர்வையை நீட்டினேன். அவர் தலைமாட்டைக் காட்டினார். பிரிக்காத இரண்டு போர்வைகள். அன்று மாலையே வேறு இரண்டு குழுக்கள் வந்து போயிருக்கின்றன. "விடிஞ்சா எல்லாத்தையும் நான்தானே தம்பி தூக்கிக்கிட்டு அலையணும்" என்றார்.

உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, பை திருடு போனதில் அவருடைய அடையாள அட்டையும் போய்விட்டது. அது இல்லாததால் காப்பகத்தில் சேர்க்க மறுத்திருக்கிறார்கள். மூன்று குழுவுக்கும் இந்த விஷயம் தெரியும். மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மூன்று குழுவுமே விட்டிருக்கிறோம். ஏழு மாதம்!

வெட்கமாகப் போய், மூன்று குழுக்களும் ஒருநாள் கூடினோம். அரை மணி நேரத்தில் சண்டை. யார் தலைமை, யார் படம் எடுத்துப் போடுவது என்று ஆரம்பித்தது. 'முதலில் குடியை விடட்டும், அப்புறம் வீட்டைப் பற்றிப் பேசலாம்' என்று ஒருவர் முடித்துவைத்தார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எதிலிருந்து தொடங்குவது?

பழையபதிவேடு:
காப்பகம் ஒன்றில் ஒன்பது வருடம் பதிவேடு எழுதியவன் நான். தலைமையைப் பற்றி இப்போது பேசாதீர்கள். ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை சாப்பாடு கொடுத்தோம் என்ற கணக்கு மூன்று குழுவிடமும் இருக்கும். யார் யார் வெளியே இருக்கிறார்கள் என்ற கணக்கு இருக்காது. எங்களிடமும் இல்லை. பெயர், எங்கே படுக்கிறார், எதனால் வீட்டை இழந்தார், திரும்பப் போக எது தடையாக நிற்கிறது. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரே ஒரு பொறுப்பாளர். அங்கே குழுவின் பெயரை எழுதினால் போச்சு, ஆளின் பெயரைத்தான் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை கூடி, பட்டியலை மேலிருந்து கீழே வாசியுங்கள். கூட்டம் என்றால் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 'பில்ட் ஃபார் ஜீரோ' என்ற பெயரில் பல ஊர்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான். ராக்ஃபோர்ட் என்ற நகரம் 2015ல் முன்னாள் படைவீரர்கள் விஷயத்திலும், 2017ல் நெடுங்காலம் தெருவில் இருந்தவர்கள் விஷயத்திலும் 'ஃபங்ஷனல் ஜீரோ' என்கிற நிலையை எட்டியது. இனி ஒருவர்கூட வீடிழக்க மாட்டார் என்று அதற்கு அர்த்தமில்லை. புதிதாக வீடிழந்து தெருவுக்கு வருகிறவர்களுக்கு ஈடுகொடுத்து ஆட்களை வீட்டில் சேர்க்க ஊரால் முடிகிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று. சம்மதம் கேட்காமல் யார் பெயரையும் எழுதாதீர்கள், அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்ணும் அந்தப் பட்டியலில் இருப்பார்.

சாவிக்கொத்து:
குடியைப் பற்றிப் பேசிய நண்பருக்கு: 1992ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாகச் செய்யத் தொடங்கினார். முதலில் வீடு. சிகிச்சை, அவரவர் விரும்பினால். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போவதில்லை, பணியாளர்கள் தொடர்ந்து வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், வீடில்லாத, மனநலப் பிரச்சினை உள்ள சுமார் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் இரு தரப்பாகப் பிரித்துச் சோதித்தார்கள். இப்படி வீடு பெற்றவர்கள் இரண்டு வருடத்தில் 73 சதவீத நாட்களை நிலையான வீட்டில் கழித்தார்கள். வழக்கமான சேவைகளோடு விடப்பட்டவர்களுக்கு அது 32 சதவீதம். குடி? அதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதையும் சேர்த்தே அவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

மூன்றாம்மாடி:
எல்லோரும் ஆள் தெருவுக்கு வந்த பிறகு நடப்பதைத்தான் பேசுகிறீர்கள். நான் பத்து நாள் இடைவெளியில் தப்பித்தவள். ஆபரேஷன், இரண்டு மாதம் சம்பளம் இல்லை, வாடகை பாக்கி, காலி செய்யச் சொல்லிக் கடிதம். ஹவுஸ் ஓனர் கெட்டவர் இல்லை, அவருக்கும் கடன் இருந்தது. கீழ்வீட்டு அக்கா நடுவில் உட்கார்ந்து, பாக்கியை ஆறு தவணையாகப் பிரித்து எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். அதற்கு ஆன செலவு ஒரு தாள்.

பிரிட்டனில் உள்ள வேல்ஸில் 2015லிருந்து, 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலையில் இருப்பவருக்கு முன்கூட்டியே உதவுவது உள்ளாட்சியின் சட்டக் கடமை. சட்டம் இல்லாவிட்டாலும் இப்படி நடுவில் உட்கார ஒருவரை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி, சிறை, சிறுவர் இல்லம் மூன்றிலும் யாரையாவது பழக்கம் பிடித்து வையுங்கள். ஆளை வெளியே அனுப்புவதற்கு முன்பே 'எங்கே போகப் போகிறார்' என்று கேட்பதற்கு.

இரவுநடை:
நோட்டு போட்டாச்சு. சம்மதம் சொன்னவர்கள் 23 பேர். முதல் வரியில் பெரியவர், பொறுப்பாளர் நான். குடி என்று முணுமுணுத்தவர் ஆறு பெயரை எடுத்துக்கொண்டார், முணுமுணுப்பை மட்டும் இன்னும் விடவில்லை. புதன்கிழமை பெரியவரின் அட்டைக்கு விண்ணப்பம். முகவரிக் கட்டத்தில்தான் நிற்கிறோம். அட்டை இல்லாமல் காப்பகம் இல்லை, முகவரி இல்லாமல் அட்டை இல்லை. காப்பகத்தின் முகவரியையே கேட்டால் கொடுப்பார்களா?

பழையபதிவேடு:
எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டவர்களை நானே எத்தனையோ பேரை மறந்திருக்கிறேன்.