எச்ஐவி ஆய்வில் இருந்தவர்கள் பேசுவோமா?

மாத்திரையைச் சீக்கிரமே தொடங்கினால் துணைக்குத் தொற்றாமல் தடுக்க முடியுமா என்று பார்த்த 'எச்பிடிஎன் 052' ஆய்வு சென்னையில் நடந்தபோது, வருகிற தம்பதிகளுக்கு விளக்கிச் சொல்வது என் வேலை. நானும் பாசிட்டிவ் என்பதால் பேச்சு சுலபமாக ஆரம்பித்துவிடும். ஒன்பது நாடுகளில் 1,763 ஜோடிகள். ஒருவருக்குத் தொற்று உண்டு, துணைக்கு இல்லை. தொற்று உள்ளவர்களில் பாதிப் பேருக்கு உடனே ஏஆர்டி மாத்திரை, அதாவது எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் மருந்து. மீதிப் பேருக்கு சிடி4 (ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) 250 பக்கம் இறங்கிய பிறகு, அல்லது எய்ட்ஸ் தொடர்பான நோய் வந்தால். யாருக்கு எது என்பது குலுக்கல்தான்.

ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா ஒப்புதல் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மருந்து கையில இருக்கு, ஆனா தர மாட்டீங்க. அப்படித்தானே?" என்றார். அரசு மையங்களில் அப்போது 200க்குக் கீழே போனால்தான் மாத்திரை, இங்கே அதற்கு முன்பே கிடைக்கும் என்றேன். உண்மைதான், ஆனால் அவர் கேட்டது அதை இல்லையே! படிவத்தை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாசிட்டிவ் பெண்கள் கூடுகிற இடத்தில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். படித்த டாக்டர்கள் மணிக்கணக்கில் பேசியும் நகராததை அந்த நாலு பேர் நகர்த்தியிருந்தார்கள்.

---

அக்கா, காத்திருந்த அந்தக் குழுவில் நானும் ஒருவன். என் ரிப்போர்ட்டைப் பற்றிக்கூடக் கவலையில்லை. மனைவிக்கு ரத்தம் எடுத்துவிட்டு ரிசல்ட் வரும்வரை வயிற்றைக் கலக்கும். நல்லவேளை, அவளுக்கு எதுவும் இல்லை.

2015இல் வரவேண்டிய முடிவு 2011 மே மாதமே வந்துவிட்டது. துணையிடமிருந்துதான் தொற்றியது என்று வைரஸின் மரபணுவை ஒப்பிட்டு உறுதி செய்தவர்கள் 28 பேர். அதில் உடனே மாத்திரை தொடங்கிய பக்கம் ஒரே ஒருவர். மீதி 27 பேரும் எங்கள் பக்கம். தொற்று 96 சதவீதம் குறைகிறது என்று உலகமே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். எனக்கு அந்த 27தான் மனசில் நிற்கிறது. அப்புறம் எங்களுக்கும் மாத்திரை தர முன்வந்தார்கள். 2017இலிருந்து நம் நாட்டில் சிடி4 எவ்வளவு இருந்தாலும் மாத்திரை உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும், போன வருஷம் ஒரு பல் மருத்துவமனையில் விவரம் சொன்னதும் "இன்னைக்கு டாக்டர் வரமாட்டார்" என்றார்கள். டாக்டர் உள்ளே போனில் பேசுவது எனக்கே கேட்டது. பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017இல் சட்டமே வந்திருக்கிறது. அதன்படி யாராவது புகார் கொடுத்திருக்கிறீர்களா? எங்கே போய்க் கொடுத்தீர்கள்?