ஜூலு மொழி நூல்கள் பள்ளி அலமாரியைத் தாண்டாதது ஏன்?

டர்பன் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் தமிழ் வாசிக்கத் தெரிந்த சிலர் மாதம் ஒருமுறை கூடி நூல்களைப் பற்றிப் பேசி வருகிறோம். அடுத்த ஆண்டு முழுவதும் ஆப்பிரிக்க இலக்கியத்தையே வாசிப்பது என்று முடிவெடுத்துப் பட்டியல் போட்டபோது, அதில் இடம்பெற்ற அத்தனை பேரும் ஆங்கிலத்தில் எழுதியவர்களாகவே இருந்தார்கள். ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் தங்கள் தாய்மொழியில் எழுத வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய கூகி வா தியாங்கோ 2025 மே மாதம் மறைந்தார். அவரை நினைவுகூர்வதற்கென்று தொடங்கிய பட்டியலே இப்படி அமைந்துவிட்டது எங்கள் எல்லோரையும் உறுத்தியது.

அதனால் நாம் வாழும் மாகாணத்தின் மொழியிலிருந்தே தொடங்கலாம் என்று நினைத்தோம். குவாசூலு-நட்டாலில் நால்வரில் மூவருக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஜூலு பேசுகிறார்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் 24.4 விழுக்காட்டினரின் வீட்டுமொழி அதுதான்; ஆங்கிலத்துக்கு 8.7 விழுக்காடுதான். ஆனால் கடைகளில் ஜூலு நூல்களைக் கேட்டால் பாடநூல் அலமாரியைத்தான் காட்டுகிறார்கள். வளர்ந்த ஒருவர் தமக்காக வாங்கி வாசிக்கக்கூடிய நாவலோ கவிதையோ அரிதாகவே கண்ணில் படுகிறது. இத்தனை பேர் பேசும் மொழிக்கு இந்த நிலை எப்படி வந்தது? எழுத்தாளர்கள் ஆங்கிலத்தைத் தேடிப் போய்விட்டார்களா, அல்லது வாசகர்களே இல்லையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் எங்கள் வட்டத்துக்குப் பெரிதும் உதவும்.

மாரிட்ஸ்பர்க் ஆய்வாளர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். ஆப்பிரிக்க மொழி இலக்கியம் என்றதும் நம்மில் பலருக்கு கூகிக்கும், ஆங்கிலத்தில் எழுதிய நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபிக்கும் இடையே நடந்த விவாதம்தான் நினைவுக்கு வருகிறது. எழுத்தாளன் எந்த மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அந்த விவாதத்தின் மையம். தென்னாப்பிரிக்காவைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி நம்மைப் பாதி வழியில்தான் கொண்டுபோய் விடும் என்பது என் கருத்து. தாய்மொழியில் எழுதியவர்கள் இங்கே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்து வந்திருக்கிறார்கள். அவர்களுடைய கையெழுத்துப் பிரதியை யார் வாங்கினார்கள், யார் திருத்தினார்கள், யாருக்காக அச்சிட்டார்கள் என்பதைப் பின்தொடர்ந்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் அச்சகம் கிறித்தவ மிஷன்களின் கையில் இருந்தது. தாமஸ் மொஃபோலோ சோத்தோ மொழியில் எழுதிய 'சாக்கா' நாவலின் பிரதி 1910ஆம் ஆண்டையொட்டி முடிந்துவிட்டது. இன்றைய லெசோத்தோவில் உள்ள மொரிஜா மிஷன் அதை 1925இல்தான் வெளியிட்டது. பழைய வழிபாடுகளையும் மாந்திரீகத்தையும் அவர் கண்டிக்காமல் எழுதியிருந்தது மிஷனில் சிலருக்குப் பிடிக்கவில்லை. இன்று ஆப்பிரிக்காவின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றாகக் கொண்டாடப்படும் அந்த நூலை எழுதியவர், அதற்குப் பிறகு எந்த நாவலையும் வெளியிடவில்லை. ஜூலு மொழியில் ஜான் டூபேயின் முதல் நாவல் 1930இலும், விலகாசியின் முதல் கவிதைத் தொகுப்பு 1935இலும் வந்தன. விலகாசியின் தொகுப்பை அச்சிட்டது விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம். தங்கச் சுரங்கத்தில் உழைப்பவனின் நிலையிலிருந்து, ஓயாமல் உறுமும் இயந்திரங்களை நோக்கிப் பேசும் நெடுங்கவிதை ஒன்றை அவர் பின்னர் எழுதினார். சொவெட்டோவில் மண்டேலாவும் டுட்டுவும் குடியிருந்த தெருவுக்கு விலகாசியின் பெயர்தான் சூட்டப்பட்டிருக்கிறது. அந்த வீடுகளைப் பார்க்க வரும் கூட்டத்தில் அவருடைய ஒரு வரியையாவது வாசித்தவர்கள் இருந்தால் நான் மகிழ்ச்சி அடைவேன்.

பெரிய அடி 1953இல் விழுந்தது. அந்த ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகளை மிஷன்களிடமிருந்து பறித்து அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. தாய்மொழியில் கற்பிக்கும் ஆண்டுகளையும் அதே அரசுதான் கூட்டியது. கேட்பதற்கு நல்லதாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, குழந்தைகளை இனம் இனமாகப் பிரித்துக் கூலி வேலைக்கு மேல் போகாமல் தடுக்கவே செய்யப்பட்டது என்பதைப் பெற்றோர் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. எந்த நூல் பள்ளிக்குத் தகும் என்பதை வாரியம் முடிவு செய்தது. வாங்குகிற ஒரே பெரிய கை பள்ளிக்கூடம் என்றாகிவிட்டதால், வாரியம் ஏற்காத கதையை அச்சிடப் பதிப்பகங்கள் முன்வரவில்லை. அரசியல், இன ஒடுக்குமுறை, நகர வாழ்வின் கொந்தளிப்பு, உடல் வேட்கை ஆகிய எதுவும் பன்னிரண்டு வயது மாணவனின் மேசைக்குப் போகக்கூடாது என்றானபோது, ஐம்பது வயது வாசகருக்கும் அவை தாய்மொழியில் கிடைக்காமல் போயின. கிராமத்து இளைஞன் ஜோகன்னஸ்பர்க்குக்குப் போய்க் கெட்டழிந்து, மனம் திருந்தி ஊர் திரும்பும் கதைகள் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டதற்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்வது அநியாயம்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே எழுதியவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு நம் டர்பனில் பிறந்த மசிசி குனேனேயே சான்று. 1959இல் நாட்டை விட்டுச் சென்றவர், வெளிநாட்டில் இருந்தபடி ஜூலு மன்னர் சாக்காவைப் பற்றிய பெருங்காப்பியத்தை ஜூலுவிலேயே எழுதினார். அவரே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1979இல் வெளிவந்தது. ஜூலு மூலம் முறையாக நூலானது 2017இல், அவர் மறைந்து 11 ஆண்டுகள் கழித்து. தன் சொந்த மக்களின் மொழியில் எழுதப்பட்ட காப்பியம் அந்த மக்களிடம் வந்து சேர நாற்பது ஆண்டுகள் ஆயின என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நிறவெறி ஆட்சி 1994இல் முடிந்த பிறகும் சந்தை மாறவில்லை. 2001இல் வெளிவந்த ஃபஸ்வானே ம்பேயின் ஆங்கில நாவலில், செபேடி மொழியில் நாவல் எழுதும் ஒரு பெண் வருகிறாள். எய்ட்ஸ் நோயையும் அயல்நாட்டவர் மீதான வெறுப்பையும் பற்றி அவள் எழுதியதைப் பள்ளிப் பதிப்பகத்தின் மதிப்பீட்டாளர்கள் ஆபாசம் என்று தள்ளிவிடுகிறார்கள். உடலைப் பற்றி ஆங்கிலத்தில் தாராளமாக எழுதலாம், தாய்மொழியில் எழுதினால் அசிங்கம் என்ற அந்த மனநிலைதான் உங்கள் கடை அலமாரியை இன்றும் காவல் காக்கிறது.

ஃபீனிக்ஸ் ஆசிரியை எழுதியது:

ஐயா விரிவாக எழுதியதற்கு நன்றி. வரலாறு அப்படித்தான் நடந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிப்பகத்தோடு நிறுத்திவிட்டால் வாசகர் எங்கே உருவாகிறார் என்பது விடுபட்டுப் போகிறது. நான் தொடக்கப் பள்ளியில் கற்பிப்பவள். என் வகுப்பில் பெரும்பாலான குழந்தைகளின் வீட்டுமொழி ஜூலு.

இந்நாட்டில் பெரும்பாலான கறுப்பினக் குழந்தைகள் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியிலும் நான்காம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்திலும் படித்து வந்திருக்கிறார்கள். 2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்பு ஆய்வில், தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்புக் குழந்தைகளில் 81 விழுக்காட்டினரால் வாசித்ததன் பொருளைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று தெரியவந்தது. 2016இல் அது 78 விழுக்காடாக இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தது நிலைமையை மேலும் மோசமாக்கியது. இந்த எண்ணைக் கேட்டதும் ஆங்கிலத்தின் மீது பழியைப் போடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அந்தத் தேர்வு குழந்தைகள் மூன்றாம் வகுப்பு வரை படித்த மொழியிலேயே, அன்றைய 11 ஆட்சிமொழிகளிலும் நடத்தப்பட்டது. அதாவது ஜூலு பேசி வளர்ந்த குழந்தை ஜூலுவில் எழுதப்பட்ட கதையையே புரிந்துகொள்ள முடியாமல் திணறியது. கற்பிக்கும் மொழியை மாற்றினால் மட்டும் இது தீராது. வகுப்பில் கதைப் புத்தகங்கள் வேண்டும், தாய்மொழியில் வாசிக்கக் கற்பிப்பதற்கு முறையான பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும், பள்ளியில் நூலகம் வேண்டும். இந்நாட்டில் புத்தகத்துக்கும் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி உண்டு. மாதக் கடைசியில் மாவுக்கும் எண்ணெய்க்கும் கணக்குப் பார்க்கும் வீட்டில் கதைப் புத்தகம் எப்படி நுழையும்?

பெற்றோரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் ஆங்கில வழிப் பள்ளியைத் தேடுவதை அடிமைப் புத்தி என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடிவதில்லை. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் மாணவர்கள், ஆட்சியிலிருந்த வெள்ளையரின் மொழியான ஆஃப்ரிகான்ஸ் வழிக் கல்வியை எதிர்த்துத் தெருவில் இறங்கிச் சுடப்பட்டார்கள். தாய்மொழிக் கல்வி என்ற பெயரில் தாங்கள் ஏமாற்றப்பட்டதையும் அந்தத் தலைமுறை மறக்கவில்லை. நேர்காணல், விண்ணப்பம், நீதிமன்றம் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும்போது, தன் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று ஒரு தாய் கேட்பது நியாயமான கோரிக்கை. தாய்மொழியை விட்டால்தான் ஆங்கிலம் வரும் என்று அவளை நம்ப வைத்ததுதான் தவறு. கிழக்குக் கேப் மாகாணம் 2012இலேயே கோசா, சோத்தோ மொழிகளில் கணிதத்தையும் அறிவியலையும் நான்காம் வகுப்புக்கு அப்பாலும் கற்பிக்கத் தொடங்கியது. 2025 முதல் நாடு முழுவதும் நான்காம் வகுப்பில் தாய்மொழியையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் திட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. அது முறையாக நடந்தால் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில், தாய்மொழியில் கனமான விஷயத்தை வாசித்துப் பழகிய வாசகர்கள் வருவார்கள். அவர்களுக்குப் பாடநூல் கதைகள் போதா.

சாட்ஸ்வர்த் மூத்தவர் எழுதியது:

இருவரும் அச்சு நூலைப் பற்றியே பேசுகிறீர்கள். ஜூலு மொழியின் இலக்கிய வாழ்வு பெரிதும் காதுக்குத்தான் நடந்திருக்கிறது. 1941இல் கே. இ. மசிங்கா டர்பன் வானொலி நிலையத்தில் ஜூலுவில் பேசத் தொடங்கினார். வானொலி நாடகமும் அவரால் வேர்பிடித்தது. 1960இல் அரசு தன் பிரசாரத்துக்கென்று பாண்டு வானொலியைத் தொடங்கியது உண்மைதான். ஆனாலும் அதன் வழியே ஒலித்த தொடர் நாடகங்களுக்காக மக்கள் வேலையை முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். அதன் வழிவந்த உகோசி வானொலிதான் இன்று நாட்டிலேயே மிக அதிக நேயர்களைக் கொண்டது. 2002இல் டர்பனில் தொடங்கிய 'இசோலெஸ்வே' நாளிதழ், தாய்மொழியில் காசு கொடுத்து வாங்கி வாசிப்பவர்கள் உண்டு என்பதை நிரூபித்தது. வாசகர்கள் இல்லை என்ற பேச்சை நான் நம்புவதில்லை. பாடநூலுக்கும் செய்தித்தாளுக்கும் நடுவே எவரும் கடை திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி நம்மைப் பற்றி. 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோரில் பலர் பேசிய ஜூலு, ஃபனகலோ என்ற வேலைத்தளக் கலப்புமொழிதான். கொண்டு வா, போ, சீக்கிரம் செய் என்று ஏவுவதற்குப் பழகிய மொழி அது. வீட்டு வேலைக்கு வந்த பெண்ணிடமும் கடைச் சிப்பந்தியிடமும் நம்மவர்கள் அதையே பேசினார்கள். அதைக் கேட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நாம் யோசித்ததில்லை. டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட 1949 ஜனவரிக் கலவரமும், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950இன் குழுப் பகுதிகள் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நம்மையும் ஆப்பிரிக்கரையும் பிடுங்கித் தனித்தனியாக நட்டதும், 2021 ஜூலைக் கலகத்தின்போது இந்தியர் மிகுந்த ஃபீனிக்ஸில் ஆப்பிரிக்கர் சிந்திய இரத்தமும் வெறும் மொழிப் பிரச்சினைகள் அல்ல. வறுமையும் ஆட்சியின் சூழ்ச்சியும் அவற்றில் பெரும் பங்கு வகித்தன. ஆனாலும் ஆற்றுக்கு அப்பால், ஜூலு மக்கள் வாழும் உம்லாசியில் இருப்பவரின் கவிதை ஒன்றைக்கூட அறியாமல் மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கிறோம் என்பது நமக்குப் பெருமை சேர்ப்பதல்ல. டூபே 'இலாங்கா' என்ற ஜூலு இதழைத் தொடங்கிய அதே 1903இல்தான் தமிழ்ப் பகுதியோடு காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் வெளிவரத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அது ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குக் குடிபெயர்ந்தபோது, டூபேயின் ஒலாங்கே பள்ளி நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. இரண்டு பக்கமும் ஒருவர் மொழியை ஒருவர் படித்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஆட்சிமொழிகளைக் குறிப்பிட்ட பிறகு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அந்த மதிப்பைக் கேட்டு வாங்கும் நாம் ஜூலுவுக்கும் அதைக் கொடுக்க வேண்டும்.

டர்பன் வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை வட்டத்தில் வாசித்துக் காட்டினேன். பட்டியலை மாற்றிவிட்டோம்: முதல் மூன்று மாதங்கள் விலகாசியின் கவிதைகள், அடுத்து மொஃபோலோ, அதன் பின் குனேனேயின் காப்பியத்தில் சில பகுதிகள். எங்களில் ஒருவரின் மகள் பள்ளியில் ஜூலு படிக்கிறாள். அவளும், எங்கள் பகுதி நூலகத்தில் பணிபுரியும் ஜூலு அன்பர் ஒருவரும் மூலத்தை உரக்க வாசித்துப் பொருள் சொல்ல இசைந்திருக்கிறார்கள். சுரங்க இயந்திரக் கவிதையை ஆங்கிலத்தின் வழியாகப் போகாமல், அவர்கள் சொல்லும் பொருளைக் கேட்டு நேராகத் தமிழில் ஆக்கிப் பார்க்க விரும்புகிறோம். ஆசிரியை அம்மாவிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வகுப்புக்கு ஜூலு கதைப் புத்தகங்கள் எத்தனை தேவை, எந்த வயதுக்கு என்று தெரிவியுங்கள். எங்கள் மாதச் சந்தாவில் மிஞ்சுவதை அதற்கே செலவிடுவது என்று முடிவாகியிருக்கிறது.

ஃபீனிக்ஸ் ஆசிரியை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி அம்மா. எட்டு முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளுக்கு, ஒரே நூலின் பல படிகளைவிட வெவ்வேறு கதைகள் இருந்தால் நல்லது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவற்றைத் தவிர்த்து, ஜூலுவிலேயே எழுதப்பட்டவையாகப் பார்த்து வாங்குங்கள். பட்டியலைத் தனி மடலில் அனுப்புகிறேன்.