புதுப்பிப்பு: அக்கா மகளின் நர்சிங் படிப்புக்கான உதவித்தொகை

அரசுப் பள்ளியில் படித்து, இப்போது பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்திருக்கும் என் அக்கா மகளுக்கு என்னென்ன உதவித்தொகை கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வரவாகத் தொடங்கிவிட்டது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்காக 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், வேறு உதவித்தொகை பெறுபவர்களும் பயன்பெறலாம் என்பதால், ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். அதற்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது.

புதுமைப் பெண் திட்டப் பணம் வரத் தாமதமானதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கணக்குத் தொடங்கும்போது ஆதார் நகல் கொடுப்பது வேறு. அரசு செலுத்தும் தொகை வந்து சேரும்படி அந்தக் கணக்கை என்.பி.சி.ஐ. (வங்கிகளுக்கிடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய அமைப்பு) பதிவில் ஆதாருடன் இணைப்பது வேறு. பின்னதற்கு வங்கிக் கிளையில் தனியாக ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுத்த பிறகுதான் தடை நீங்கியது. பிள்ளைகளை இந்த ஆண்டு சேர்ப்பவர்கள், விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

எம்.பி.பி.எஸ். படிப்புக்கு என்ன உதவி கிடைக்கும் என்று கேட்டவருக்கு: 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே ஏற்கிறது.

போஸ்ட் மெட்ரிக் தொகை வந்ததும் தெரிவிக்கிறேன்.