மேலவீதி வீடு (குடும்ப வாட்ஸ்அப் குழு): சனிக்கிழமை உரை

நான்: அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை கல்லூரி இலக்கிய மன்றத்தில் ஜோ ஹால்டிமன் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளரைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். பெரியப்பா, எங்கிருந்து தொடங்கலாம்?

அண்ணா: இனி இரண்டு மணி நேரத்துக்கான குறிப்பு வரும்.

பெரியப்பா: வரட்டும், நீயும் படி. 1967இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வானியலும் படித்து முடித்த கையோடு கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டு, வியட்நாமில் பொறியாளர் படையில் பணியாற்றி, படுகாயமடைந்து, 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கத்தோடு திரும்பியவர் அவர். 'தி ஃபாரெவர் வார்' நாவலில் அந்தப் போரைத்தான் விண்வெளிக்குக் கொண்டுபோனார். ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணம் செய்யும் வீரனுக்குச் சில மாதங்கள் கழிவதற்குள் பூமியில் பல பத்தாண்டுகள் ஓடிவிடுகின்றன. திரும்பி வந்தால் ஊரின் பேச்சும் பழக்கமும் மாறியிருக்கின்றன. ஆகவே அவன் வீடு திரும்பும் இடத்திலிருந்து தொடங்கு.

அத்தை: தங்கையின் கல்யாணத்துக்கு வராதவர் சொல்கிறார், கேட்டுக்கொள்.

பெரியப்பா: விடுப்பு கிடைக்கவில்லை என்று 1986இலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா: அதை ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசிக்கொள்ளலாம். பிள்ளைக்குப் பதில் சொல்லுங்கள்.

நான்: விருதுகளை முதலில் சொன்னால்தான் கூட்டம் கவனிக்கும், பெரியப்பா. அறிவியல் புனைகதைக்கான நெபுலா, ஹ்யூகோ விருதுகள் இரண்டையும் அந்த ஒரே நாவல் வென்றிருக்கிறது.

பெரியப்பா: அதற்கு முன் 18 பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பின. வியட்நாமைப் பற்றிய அறிவியல் புனைகதையை யார் படிப்பார்கள் என்பதே அவர்களுடைய தயக்கம். 'அனலாக்' இதழில் பகுதி பகுதியாக வந்தபோதுகூட, வீரன் பூமிக்குத் திரும்பும் நடுப்பகுதி மிகவும் சோர்வூட்டுகிறது என்று ஆசிரியர் பென் போவா மறுத்துவிட்டதால், ஹால்டிமன் வேறொன்றை எழுதிக் கொடுத்தார். முதலில் எழுதியது பின்னாளில் வந்த பதிப்புகளில்தான் இடம்பெற்றது. சண்டையைக் கேட்க ஆள் இருக்கிறது, திரும்பி வந்ததைக் கேட்கத்தான் ஆள் இல்லை. நாவலில் 1143 ஆண்டுகள் நடந்த அந்த விண்வெளிப் போரே, இரு தரப்புக்கும் பேச வழி தெரியாததால்தான் நீடித்தது என்று கடைசியில் தெரியவருகிறது.

அண்ணா: முடிவைச் சொல்லிவிட்டீர்களே! நான் பாதிதான் படித்திருக்கிறேன்.

அத்தை: அந்த வீரனுக்காகக் காத்திருக்க யாருமே இல்லையா?

நான்: உடன் போரிட்ட மேரிகே பாட்டர் இருக்கிறாள், அத்தை. அது எழுத்தாளரின் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன் இருந்த பெயர். வெவ்வேறு படைகளுக்கு அனுப்பப்பட்டுப் பிரிந்த பிறகு, அவன் வருவதற்குள் தனக்கு வயதாகிவிடக் கூடாது என்பதற்காகவே அவள் விண்கலத்தில் போவதும் வருவதுமாக இருக்கிறாள்.

அத்தை: அதிலிருந்து தொடங்கு.

பெரியப்பா: அது கடைசிப் பக்கத்தில் வருவது.

அத்தை: வந்தால் என்ன? நானும் மணமேடையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணா: பெரியப்பா நெடுநேரமாக எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டுகிறது.

பெரியப்பா: 1983 முதல் 2014 வரை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம்) ஹால்டிமன் எழுத்துக்கலை கற்பித்ததையும் சேர்த்துக்கொள். தொடக்கத்தைப் பற்றி நாளைக் காலையில் எழுதுகிறேன்.

அத்தை: அண்ணனுக்கு நாளைக்காவது விடுப்பு கிடைக்கிறதா என்று பார்ப்போம்.